கடவுளிடம் மொய் நோட்டு இல்லை

(கேள்வி – பதில்)

இந்த மாதத் தபாலில் பாதிக்கு மேல் கீரமங்கலம் வட்டாரம். ஆடி பிறந்து மொய் விருந்துப் பந்தல்கள் எழும்புகிற நேரத்தில் இத்தனை பேர் உட்கார்ந்து வேதத்தைப் பற்றி எழுதியிருப்பது ஆச்சரியம்தான். ‘பேர் போட்டுடாதீங்க, ஊருக்குள்ள பொழைக்கணும்’ என்று பலர் கேட்டிருப்பதால் யார் பெயரும் இல்லை.

● கீரமங்கலத்தில் பூக் கமிஷன் கடை வைத்திருக்கிறேன். சபைக்குப் போகிற குடும்பம். நான் எடைபோட்டு அனுப்புகிற மல்லிகையும் சம்பங்கியும் பெரும்பாலும் கோயில்களுக்குத்தான் போகின்றன. இது பாவமா?
– பூ வியாபாரி, கீரமங்கலம்

ஏறக்குறைய இதே கேள்வி முதல் நூற்றாண்டிலேயே கொரிந்து பட்டணத்திலிருந்து பவுலுக்கு வந்துவிட்டது. அங்கே பூ இல்லை, கறி. கோயிலில் படைத்த இறைச்சி கடைக்கு விலைக்கு வரும். வாங்கலாமா, தின்னலாமா என்று விசுவாசிகளுக்குள் தகராறு. கடையில் விற்பதை வாங்கிச் சாப்பிடு, எங்கேயிருந்து வந்தது என்று துருவாதே, ஆனால் உன்னைப் பார்த்து இன்னொருவன் மனசாட்சி இடறும் என்றால் அவனுக்காக விட்டுக்கொடு என்றார் பவுல். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் 8-ஆம் அதிகாரமும் 10-ஆம் அதிகாரமும் படியுங்கள்.

‘அது வாங்குகிறவனுக்குச் சொன்னது, நீ விற்கிறவன்’ என்று சபையில் யாராவது மடக்குவார்கள். மடக்கட்டும். சேந்தன்குடியிலோ செரியலூரிலோ விடியுமுன் பறித்த மல்லிகை உங்கள் கடையில் இறங்கும்போது வெறும் பூ. கல்யாணத்துக்கா, கோயிலுக்கா, கல்லறைத் திருநாளுக்கா, புதிதாக வந்த பங்குத்தந்தையின் கழுத்துக்கா என்று அதன் நெற்றியில் எழுதியில்லை.

பாவம் வேறு இடத்தில் இருக்க வாய்ப்புண்டு. முகூர்த்தம் இல்லாத நாளில் விலை விழுந்து, பறித்த கூலிக்குக்கூடக் கட்டாமல் பூவைக் குப்பையில் கொட்டிவிட்டுப் போகிற விவசாயியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவருடைய பூவில் ஈரத்துக்கு என்று எவ்வளவு கழிக்கிறீர்கள்? நீதிமொழிகள் 11-ஆம் அதிகாரம் தராசில்தான் தொடங்குகிறது. எலக்ட்ரானிக் தராசுக்கும் அது செல்லும்.

● ஆட்டோ முழுக்க வசனம். ஏறி இறங்கினால் இரண்டு மடங்கு கேட்கிறார். இவரெல்லாம் சாட்சியா?
– கல்லூரி மாணவி, ஆலங்குடி

சாட்சிதான். எந்தத் தரப்புச் சாட்சி என்பதுதான் வழக்கு.

● எங்கள் பக்கம் மொய் விருந்து உங்களுக்குத் தெரிந்திருக்கும். அடுத்த ஆடிக்கு எங்கள் முறை. ‘விசுவாசி மொய் வாங்கக் கூடாது, தேவனை நம்பு’ என்கிறார் மாமா. வாங்காவிட்டால் நான் எழுதிய பணம் எப்படித் திரும்பும்?
– தென்னை விவசாயி, கொத்தமங்கலம்

உங்கள் மாமா யாருக்கும் மொய் எழுதியதே இல்லை என்று நினைக்கிறேன். எழுதியிருந்தால் இவ்வளவு எளிதாகச் சொல்லியிருக்க மாட்டார்.

வெளியூர் வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், குளமங்கலம் தொடங்கிப் பேராவூரணிப் பக்கம் வரை ஆடி, ஆவணியில் கல்யாணம் காதுகுத்து எதுவும் இல்லாமலே பந்தல் போட்டுக் கறிச்சோறு போடுவார்கள். செலவைக் குறைக்கப் பல பேர் சேர்ந்து ஒரே பந்தலில் நடத்துவதும் உண்டு. சாப்பிட்டவர்கள் பணம் எழுதுவார்கள். நோட்டில் ஏறும் ஒவ்வொரு ரூபாயும் அவர்கள் விருந்து வைக்கும்போது திரும்பப் போக வேண்டும், மேலே கொஞ்சம் புது மொய்யும் சேர்த்து. பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை, வட்டி இல்லை. ஆழ்குழாய்க் கிணறு போட்டவர்கள், பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்தவர்கள், கந்துவட்டியிலிருந்து மீண்டவர்கள் இதனால் உண்டு. திருப்பிச் செய்ய முடியாமல் முழி பிதுங்கியவர்களும் உண்டு. கஜா புயலும் அப்புறம் கொரோனாவும் அந்த நோட்டுகளைப் படுத்திய பாட்டை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே நடத்துங்கள். வாங்கியதை ஒழுங்காகத் திருப்பிக் கொடுங்கள். வாங்கிவிட்டு ‘தேவன் பார்த்துக்கொள்வார்’ என்று உட்கார்ந்தால், அது விசுவாசக் கணக்கில் வராது, வாராக்கடன் கணக்கில்தான் வரும்.

ஆனால் லூக்கா 14-ஆம் அதிகாரத்தைப் பந்தலுக்குக் கால் நடும் முன்னால் ஒரு தரம் படித்துவிடுங்கள். விருந்து வைத்தால் சிநேகிதனையும் சொந்தக்காரனையும் வசதியான பக்கத்து வீட்டுக்காரனையும் கூப்பிடாதே, அவர்கள் திருப்பிச் செய்துவிடுவார்கள். ஏழைகளையும் ஊனமுற்றவர்களையும் கூப்பிடு, அவர்களால் திருப்பிச் செய்ய முடியாது என்கிறார் இயேசு. கீரமங்கலத்துக்கு வராமலே மொய் விருந்தை இவ்வளவு துல்லியமாகப் பேசியவர் வேறு யாரும் இல்லை. மொய் எழுத முடியாதவர்களுக்கு ஒரு பந்தியை முதலிலேயே போட்டுவிடுங்கள். நோட்டு வைத்திருக்கும் மேஜை அந்தப் பக்கம் இருக்க வேண்டாம்.

மனிதர்களுக்குள் மொய் நியாயமான ஏற்பாடு. கடவுளிடமும் அதே நோட்டை நீட்டுவதுதான் சிக்கல். வேளாங்கண்ணிக்கு நடந்து போனேன், இருபத்தொரு நாள் உபவாசம் இருந்தேன், ஆலயத்துக்கு ஃபேன் வாங்கிக் கொடுத்தேன் (இறக்கையில் உபயம் என்று பெயரும் எழுதினேன்), எனக்கு என்ன செய்தாய் என்கிறோம். அவரிடம் அந்த நோட்டே கிடையாது. இருந்திருந்தால் நாம் எல்லோருமே பெரிய பாக்கிக்காரர்கள்.

● தசமபாகம் கொடுத்தால் நூறு மடங்கு திரும்பும் என்று டிவியில் ஒரு பிரசங்கியார் சொல்கிறாரே?
– ஓய்வுபெற்ற நடத்துநர், அறந்தாங்கி

அப்படியானால் அவர் தன்னிடம் இருப்பதை உங்களுக்குக் கொடுத்து நூறு மடங்கு வாங்கிக்கொள்ளலாமே, ஏன் உங்களிடம் கேட்கிறார்? உபாகமம் 14-ஆம் அதிகாரக் கடைசியைப் பாருங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை அந்தப் பத்தில் ஒரு பங்கு ஊருக்குள்ளேயே சேர்த்து வைக்கப்பட்டு லேவியர், பரதேசி, அநாதை, விதவை சாப்பிடப் போனது. பிரசங்கியாரின் காருக்கு என்று அதில் இல்லை.

● நீட் தேர்வுக்கு ஜெபித்தால் போதுமா அண்ணா?
– பிளஸ் டூ மாணவன், வடகாடு

தேற்றரவாளனாகிய பரிசுத்த ஆவி வந்து எல்லாவற்றையும் நினைவூட்டுவார் என்று யோவான் 14-இல் இருக்கிறது தம்பி. ஒரு தரமாவது படித்திருந்தால்தானே நினைவூட்ட முடியும்.

● ‘இயேசுவைப் பற்றிப் பேசினாலே கேஸ் போடுவோம்’ என்று ஒருவர் மிரட்டினார். சட்டம் என்னதான் சொல்கிறது?
– தையல் கடைக்காரர், பேராவூரணி

பேசலாம். அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு ஒரு மதத்தை நம்பவும், கடைப்பிடிக்கவும், பரப்பவும் எல்லோருக்கும் உரிமை தருகிறது. பொது அமைதி, ஒழுக்கம், சுகாதாரம் இந்த மூன்றும் வரம்பு. ‘பரப்ப’ என்பதைச் சேர்க்கலாமா என்று 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பெரிய வாதம் நடந்தது. சேர்க்க வேண்டும் என்று பேசியவர்களில் நம்ம ஊர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி ஒருவர். தான் பதினான்கு வருடம் கிறிஸ்தவப் பள்ளி, கல்லூரிகளில் படித்தும் தன்னை மதம் மாற்ற யாரும் முயலவில்லை என்று அவர் சபையிலேயே சொன்னார்.

மறுபக்கமும் இருக்கிறது. ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் 1977-இல் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை என்பது கொள்கையை எடுத்துச் சொல்லும் உரிமை, இன்னொருவரை மாற்றும் உரிமை அல்ல என்றது. மாறுவது அந்த இன்னொருவர் தாமாக எடுக்க வேண்டிய முடிவு. தமிழ்நாட்டில் 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, 2004-இல் அதே முதல்வரின் ஆட்சியிலேயே விலக்கிக்கொள்ளப்பட்டது. நடுவில் ஒரு நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. புதுச்சேரியையும் சேர்த்து நாற்பது தொகுதியும் போனது. மனந்திரும்புதலுக்குத் தேர்தலும் ஒரு வழி.

கிறிஸ்தவன் சட்டத்தோடு நின்றுவிடக் கூடாது. பயமுறுத்தியோ, பணம் காட்டியோ, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பவரின் பலவீனத்தைப் பார்த்தோ சேர்ப்பது, தடைச் சட்டம் இல்லாத மாநிலத்திலும் அசிங்கம்தான்.

● பேருந்தில் கைப்பிரதி கொடுக்கலாமா?
– பெயர் வேண்டாம், கீரமங்கலம்

கொடுக்கலாம். தூங்குகிறவரை எழுப்பிக் கொடுக்க வேண்டாம். இறங்கும்போது சீட்டுக்கு அடியில் கிடப்பதைப் பொறுக்கிக்கொண்டு இறங்குங்கள். நடத்துநர் அதைத்தான் கவனிப்பார்.

● என் நெருங்கிய தோழி இந்து. இருபது வருடப் பழக்கம். அவளிடம் என் விசுவாசத்தைப் பற்றிப் பேச ஆசை. பேசினால் நட்பு போய்விடுமோ என்று பயம். எப்படி ஆரம்பிப்பது?
– பள்ளி ஆசிரியை, வடகாடு

கேட்பதிலிருந்து ஆரம்பியுங்கள்.

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் சீகன்பால்க் வந்து இறங்கினார். ஜெர்மானிய மிஷனரி; வயது இருபத்துமூன்று. ஊரை ஆண்ட டேனிஷ்காரர்கள் கோட்டையில் மதிக்கவில்லை, பின்னால் அவர்கள் தளபதியே அவரைச் சில மாதம் சிறையில் வைத்தார். அவர் திண்ணைப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு மணலில் விரல் வைத்துத் தமிழ் எழுதக் கற்றார். ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்து, எந்தச் சுவடியில் என்ன இருக்கிறது என்று பட்டியல் போட்டார். 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்ததை எல்லோரும் சொல்வார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்னால் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூலை அவர் எழுதி முடித்திருந்ததை யாரும் சொல்வதில்லை. ஐயனாரும் காளியும் பிடாரியும் அதில் உண்டு. ஹாலே நகரத்தில் இருந்த மேலிடத்துப் பிராங்கே, உன்னை அனுப்பியது அஞ்ஞானத்தை வேரறுக்க, அதை ஐரோப்பாவில் பரப்ப இல்லை என்று அச்சிட மறுத்துவிட்டார். புத்தகம் 1867-இல்தான் சென்னையில் வெளிவந்தது. எழுதியவர் இறந்து ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு ஆகியிருந்தது.

பிராங்கேயின் கடிதத்தைவிட சீகன்பால்க்கின் ஓலைப் பட்டியல் எனக்குப் பெரிய ஊழியமாகத் தெரிகிறது. அவர் எழுதியதில் பல இடங்களில் நமக்கு உறுத்தும் தீர்ப்புகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் எதிரே இருப்பவர் எதை நம்புகிறார் என்று தெரிந்துகொள்ள இத்தனை பாடுபட்ட பிறகு பேசிய ஒருவர் அவர்.

உங்கள் தோழி மாசி மகத்துக்குக் குளமங்கலம் அய்யனார் குதிரைக்குக் காகிதப்பூ மாலை போடப் போவாரா? (பூச்சந்தைக்குப் பக்கத்திலேயே குதிரைக்குக் காகிதப்பூ, அந்த விசித்திரம் எனக்கு மிகவும் பிடிக்கும்.) எதற்காக நேர்ந்துகொண்டார் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? கேளுங்கள். அதை மறுப்பதற்குக் குறிப்பெடுக்கிற முகத்தோடு கேட்காதீர்கள். இருபது வருடத் தோழி, முகத்தைப் படித்துவிடுவார். ‘நீ எப்படி இதைத் தாங்கினே?’ என்று ஒருநாள் அவர் கேட்பார். அன்றைக்குச் சொல்லுங்கள். உன் நம்பிக்கைக்குக் காரணம் கேட்கிறவனுக்குச் சாந்தத்தோடு பதில் சொல் என்கிறது பேதுருவின் நிருபம். கேட்கிறவனுக்கு.

அவர் மாறவில்லை என்றால்? தோழியாகவே இருங்கள். ‘இத்தனை வருஷம் பழகியும் வரலையே’ என்று உள்ளுக்குள் ஒரு சலிப்பு எழுந்தால், கொத்தமங்கலம் வாசகருக்கு எழுதியதைத் திரும்பப் படியுங்கள். நட்பை மொய்யாக எழுதி வைத்திருக்கிறீர்கள்.

● இது வெள்ளைக்காரன் மதம்தானே?
– டீக்கடையில் விவாதிக்கிற வாசகர், ஆலங்குடி

கொல்லத்தில் தரிசாப்பள்ளி என்ற தேவாலயத்துக்கு நிலமும் உரிமைகளும் கொடுத்து வட்டெழுத்தில் செப்பேடு வெட்டிய வருடம் 849. போலந்து அரசன் ஞானஸ்நானம் வாங்கியது 966-இல், கீவ் நகரத்தார் 988-இல். கொல்லத்துக்காரர்களுக்கு அப்போது கிறிஸ்தவம் பழைய சங்கதி. டீ ஆறுகிறது, குடியுங்கள்.

● எங்கள் தெரு ஜெப வீட்டில் இரவு பதினொரு மணிவரை ஒலிபெருக்கி. நானும் கிறிஸ்தவன்தான். சொன்னால் ‘பிசாசு உங்களைத் தடுக்கிறான்’ என்கிறார்கள்.
– தூக்கம் கெட்டவர், கீரமங்கலம்

தடுப்பது பிசாசு இல்லை. 2000-ஆம் வருட ஒலி மாசு விதிகள். இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. எல்லா மதத்துக்கும் அதுதான்.

வேதமும் உங்கள் பக்கம். கர்மேல் மலையில் காலையிலிருந்து கத்தியவர்கள் பாகாலின் தீர்க்கதரிசிகள். ‘இன்னும் சத்தமாக, உங்கள் சாமி தூங்குகிறாரோ என்னவோ’ என்று கிண்டல் செய்தவர் எலியா. அவருடைய சொந்த ஜெபம் இரண்டே வசனம். மைக் இல்லை, அக்கினி இறங்கியது. இயேசுவோ கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்கச் சொன்னார். கதவைச் சாத்தச் சொன்னவர் பெயரால் தெருவுக்கு நான்கு குழாய் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

போலீஸுக்குப் போவதற்கு முன் ஒரு காலை நேரத்தில் பாஸ்டர் ஐயாவைத் தனியாகப் போய்ப் பாருங்கள். இரண்டு வீடு தள்ளிக் கைக்குழந்தை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

● பூ விவசாயம்தான் எங்களுக்குச் சோறு. ஆனால் எங்கள் சபையில் பெண்கள் பூ வைக்கக் கூடாதாம். விற்கலாம், வைக்கக் கூடாதா?
– இல்லத்தரசி, சேந்தன்குடி

இதற்கு அவர்கள் காட்டுகிற வசனங்கள் தீமோத்தேயு நிருபத்திலும் பேதுரு நிருபத்திலும் இருக்கின்றன. பின்னல், பொன், முத்து, விலையுயர்ந்த வஸ்திரம் என்று பட்டியல். பூ அதில் இல்லை. விலையுயர்ந்த வஸ்திரம் இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டுக்கு எதிராக யாரும் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை. கூட்டத்தில் ஒருத்தி மினுக்க இன்னொருத்தி கூனிக்குறுகக் கூடாது என்பது அதன் நோக்கமாக எனக்குப் படுகிறது. ஒரு முழம் முல்லையால் யாரும் கூனிக்குறுக மாட்டார்கள், உங்கள் ஊரில் நிச்சயமாக. சாலொமோனைக்கூட இயேசு காட்டுப்பூவுக்குக் கீழேதான் வைத்தார்.

வைக்காமல் இருக்க மனசாட்சிப்படி விரும்புகிறவர்களைக் கேலி செய்யாதீர்கள். அவர்கள் உங்களைக் கணக்கெடுக்காதவரை.

● சர்க்கரை மாத்திரையை நிறுத்தினால்தான் விசுவாசம் பூரணமாகும் என்று ஒரு ஊழியர் சொன்னார். நிறுத்தட்டுமா?
– பாட்டி ஒருவர் (பேத்தி எழுதியது), கொத்தமங்கலம்

நிறுத்தாதீர்கள் அம்மா. இன்றைக்கு ராத்திரி மாத்திரையை முதலில் போட்டுவிட்டு மீதியைப் பேத்தியிடம் படிக்கச் சொல்லுங்கள்.

எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து வருடம் ஆயுள் கூட்டித் தந்த பிறகும் கட்டிக்கு அத்திப்பழப் பற்றுப் போடச் சொன்னார் ஏசாயா. பவுலோடு ஊர் ஊராகப் போன லூக்கா வைத்தியர். நம் பக்கத்துக் கதை ஒன்றும் உண்டு. திண்டிவனத்தில் ஒரு மிஷனரி டாக்டரின் வீட்டுக்கு ஒரே ராத்திரியில் மூன்று குடும்பங்களிலிருந்து வந்து பிரசவத்துக்குக் கூப்பிட்டார்கள். ஆண் டாக்டரைத் தொடவிட மாட்டோம் என்றார்கள். மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். அந்த வீட்டு டாக்டரின் மகள் ஐடா ஸ்கடர், ஊழியமே வேண்டாம் என்று அமெரிக்கா திரும்பத் துடித்துக்கொண்டிருந்த பெண். அன்று ஜெபித்தார், ஜெபித்துவிட்டு மருத்துவம் படிக்கப் போனார். 1900-இல் வேலூரில் ஒற்றை அறையில் ஆரம்பித்ததுதான் இன்றைய சி.எம்.சி.

உங்களுக்கு அறிவுரை சொன்ன ஊழியர் மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாரா என்று பேத்தி பார்த்துச் சொல்லட்டும்.

● கஜாவில் தோப்பே போனது. அன்று ராத்திரி முழுக்க ஜெபித்தோம். காற்று நிற்கவில்லை. அப்புறமும் நம்பச் சொல்கிறீர்களா?
– தென்னை விவசாயி, கீரமங்கலம்

2018 நவம்பர் 16 விடியற்காலை. அப்பனும் தாத்தனும் வைத்த மரங்கள் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன. பலாவும் பூச்செடியும் அப்படியே. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. நாட்டுத் தென்னை மறுபடி காய்க்க ஐந்து முதல் ஏழு வருடம். அந்த வருடங்களுக்கு நிவாரணத் தொகை எந்த மூலைக்கு?

இது உங்கள் பாவத்துக்குத் தண்டனை என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால், அவர் சொன்னது வேதத்துக்கு விரோதம். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று சொல்ல இயேசு மறுத்துவிட்டார். யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்; அதுவரை நல்ல சிநேகிதர்கள். வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்ததும் கெட்டது. கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது அவர்களிடம்தான், கேள்வி கேட்ட யோபுவிடம் இல்லை.

காற்று ஏன் நிற்கவில்லை என்பதற்கு என்னிடம் பதில் கிடையாது. இருக்கிறது என்கிறவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள். நீங்கள் கோபமாக இருந்தால் அதை அவரிடமே சொல்லலாம். சங்கீதப் புத்தகத்தில் கணிசமான பகுதி முறையீடுதான். விழுந்த மரத்தை அறுத்துத் தள்ளிவிட்டு, மறுபடி குழி எடுத்துக் கன்று வைத்தீர்களா? வைத்திருந்தால் நம்பச் சொல்லி நான் உங்களுக்கு எழுத வேண்டியதில்லை. வைக்கத் தெம்பில்லை என்றால், அதைக் குறை என்று நான் எழுதவும் மாட்டேன். உங்கள் சபையில் வாலிபர்கள் இருப்பார்களே. சாட்சி சொல்ல மைக் பிடிக்கிற கைகளில் இரண்டு மண்வெட்டியைக் கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

● கடைசியாக ஒன்று. நீங்கள் இதுவரை யாரையாவது மாற்றியதுண்டா?
– அதே டீக்கடை வாசகர், ஆலங்குடி

மாமனாரைக் காப்பியிலிருந்து டீக்கு மாற்ற ரொம்ப காலம் பாடுபட்டேன். இப்போது நான் காப்பி குடிக்கிறேன்.